கனமான பெயர்

ஜனவரி 15, திங்கள்

இன்று பள்ளி எண் 17. பூர்பாலிங்காவிலிருந்து ஒன்றரை மணி நேரம் மோட்டார் சைக்கிளில் மேடேறிப் போனால், தலைமை ஆசிரியரின் வரவேற்பு இப்படி: "வாங்கம்மா. பதினொரு பேருக்குக் குடுத்தீங்க, மத்த பசங்க என்ன பாவம் பண்ணாங்க?" சிரித்து வைத்தேன். உதவித்தொகை கொடுத்தால் பிள்ளைகள் படிப்பை விடாமல் இருக்கிறார்களா என்று பார்க்கிற சோதனை இது. யாருக்கு என்பதைக் குலுக்கிப் போட்டு முடிவு செய்தார்கள். குலுக்கியவர்கள் ஜகார்த்தாவில், திட்டு வாங்குவது பள்ளி பள்ளியாகக் கணக்கெடுக்கப் போகும் நான்.

எட்டாம் வகுப்பு வருகைப் பதிவேட்டைப் பார்த்து டேப்லெட்டில் ஏற்றினேன். பத்துப் பேர் சரி. பிரமேஸ்வரி குசுமனிங்ரும் என்ற பெண்ணின் பெயரை மட்டும் நவம்பரில் கோடு போட்டு அடித்திருக்கிறார்கள். கடைசி வரியில் ரஹாயு என்று புதிதாக ஒரு பெயர். அது என் பட்டியலில் இல்லை. வகுப்பு டீச்சர் இன்று விடுப்பு. மழை வேறு இருட்டிக்கொண்டு வந்தது. பிரமேஸ்வரிக்கு 'படிப்பை நிறுத்தினாள்' என்ற கட்டத்தைத் தொட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.

ஜனவரி 18, வியாழன்

இடுப்பு வலி. வேறொன்றும் இல்லை.

பிப்ரவரி 6, செவ்வாய்

ஹெந்த்ரோ பேசினான். மாவட்ட அலுவலகத்தில் எனக்கு மேலே இருப்பவன், என் தம்பி வயது. "சுமி அக்கா, உங்க படிவத்துலதான் தப்பே இல்ல" என்றான். பாராட்டைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன். நிறுத்தினவர்களுக்கு இந்த மாதத்திலிருந்து உதவித்தொகை கிடையாதாம், பட்டியல் போய்விட்டதாம்.

மார்ச் 19, செவ்வாய்

எட்டாம் நோன்பு. மூன்று பள்ளி. தாகத்தில் எண்கள் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகின்றன.

ஏப்ரல் 22, திங்கள்

மறுபடி 17. இந்தமுறை வகுப்பு டீச்சர் பர்தினி இருந்தார். ஜனவரியில் வந்தபோதே பிரமேஸ்வரி நின்றிருந்தாளே, ஏன் என்று சும்மாதான் கேட்டேன்.

"ஜனவரியில நிக்கலையே? ரஹாயுன்னு எழுதியிருக்கேனே, அவதான்!"

"என்னது?"

"நவம்பர்ல பதினஞ்சு நாள் ஜுரம், இறங்கவே இல்ல. பேரு கனம் தாங்காமத்தான் இந்த நோவுன்னு சிவப்புக் கஞ்சி, வெள்ளைக் கஞ்சி காய்ச்சிப் பேரை மாத்திட்டாங்க. நான் பழைய பேரைக் கூப்பிட்டா அவ அம்மா சண்டைக்கு வர்றாங்க. அதான் பதிவேட்டுலயும் மாத்திட்டேன்."

"பிறப்புச் சான்றிதழ்ல?"

"அதுக்கெல்லாம் யாரு அலையுறது?"

இப்போது எங்கே அவள் என்றேன். டீச்சர் பதிவேட்டை மூடினார். "பிப்ரவரி கடைசியில நின்னுட்டா. கீழ, கண்ணுல ஒட்டிக்கிற பொய் இமைமுடி பின்னுற பட்டறைக்குப் போறா."

என் சொந்த அண்ணனுக்கே இரண்டு பெயர். அந்தக் கஞ்சியை நானும் தின்றிருக்கிறேன். வெளிநாட்டுக்காரி செய்திருந்தால் போகட்டும் என்று விடலாம். ஜாவாக்காரி நான் — எனக்கு எப்படித் தோணாம போச்சு? மழைன்னு ஓடினேனே. அந்த டீச்சருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தா?

ஏப்ரல் 24, புதன்

வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா மரவள்ளி சீவிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். பணம் நின்றபோது ஏன் பள்ளியில் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டா அந்தப் பேரைச் சொல்லித்தானே கேக்கணும்? இறக்கி வச்ச பாரத்தைத் திரும்ப எம் பொண்ணு தலையில ஏத்தவா? அந்தப் பணம் அந்தப் பேருக்கு வந்தது. பேரோட அதுவும் போச்சுன்னு விட்டுட்டோம்."

என் மேல் கோபம்கூட இல்லை. சர்க்கரை போட்டுத் தேநீர் கொடுத்தார். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ஐந்து மணிக்கு அந்தப் பெண் வந்தாள். விரல் நுனிகளில் பசை காய்ந்து வெள்ளையாக இருந்தது. மறுபடி படிக்க வருகிறாயா என்றேன். "வந்தா வேன் காசு யாரு குடுப்பா, நீங்களா அத்தை?" என்று சிரித்தாள்.

ஏப்ரல் 25, வியாழன்

ஹெந்த்ரோ எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இப்ப நிஜமாவே நின்னுட்டால்ல? அப்போ பதிவு சரிதானேக்கா, விடுங்க" என்கிறான்.

"ஜனவரியில அது பொய்டா! நான் எழுதினதாலதான் நிஜமாச்சு."

"திருத்தினா தப்பு உங்க பேர்ல போகும்."

"போகட்டும்."

போனை வைத்ததும் திருத்தத்தை எழுதி அனுப்பிவிட்டேன்.

மே 21, செவ்வாய்

என்னுடைய இருபத்திரண்டு பள்ளிகளையும் வேறொருவர் போய்ச் சரிபார்க்கிறார். அடுத்த சுற்றுக்கு என்னைக் கூப்பிட மாட்டார்கள். அழுகை வரும் என்று நினைத்தேன், தூக்கம்தான் வந்தது.

ஜூன் 12, புதன்

அவளுக்கு உதவித்தொகை மறுபடி அனுமதியாகிவிட்டது! ஜூலையில் பள்ளிக்குத் திரும்பினால் படிப்பு முடியும்வரை உண்டு. கடிதத்தை ஹெந்த்ரோ என்னிடம்தான் கொடுத்தான். ஆனால் உறைமேல் பிரமேஸ்வரி குசுமனிங்ரும். ரஹாயு என்று போட்டுக் கொடு என்று கெஞ்சிப் பார்த்தேன். "சான்றிதழ்ல இருக்குற பேர்தான்கா. வேற போட்டா சிஸ்டம் ஏத்துக்காது."

நேரில் கொண்டுபோய்க் கொடுத்திருக்க வேண்டும். மூன்று நாளாக மழை, மேட்டில் மண் சரிந்து கிடக்கிறது, இடுப்பும் இந்த நிலையில். அனுப்புநர் இடத்தில் என் முகவரியை எழுதித் தபாலில் சேர்த்துவிட்டேன். படித்தால் புரிந்துகொள்வார்கள்.

ஜூலை 15, திங்கள்

இன்று பள்ளிகள் திறந்தன. மதியம் தபால்காரர் அந்தக் கடிதத்தைத் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தார். உறை பிரிக்கப்படவே இல்லை. பெயரின் மேல் ஒரு கோடு, அதன் கீழே நீலப் பேனாவில்: 'இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை.'

அந்த வீட்டில் எழுதத் தெரிந்தவள் ஒருத்திதான். குண்டு குண்டாக, வரி பிசகாமல், அழகான எழுத்து.