பார்க்காத பந்து

சேர்,

உங்கள் மகள் அனுப்பிய சீ.ஆர். கொப்பி, நம் பழைய குறிப்பேடு, நேற்றுக் காலை தபாலில் கடைக்கு வந்தது. திறந்ததும் மிளகு வாடை. யாழ்ப்பாணத்தில் உங்கள் அலுமாரிக்குள் இத்தனை வருடம் கிடந்தும் அந்த வாடை போகவில்லை. பலாபத்வலயில் என் கடையில் மிளகு மூட்டைகளுக்கு நடுவே இருந்து நாம் எழுதிய கொப்பி அல்லவா. முதல் பக்கத்தில் என் கோணல் எழுத்து: டெனிஸ் சொற்கள்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதன் பிறகு படித்ததெல்லாம் சாமான் சுற்ற வாங்கும் பழைய பத்திரிகைகளில்தான். டியூஸ், அட்வான்டேஜ், வொலி என்ற சொற்கள் ஒரு டெனிஸ் பந்தைக் கண்ணால் காணும் முன்பே எனக்குப் பழக்கம். என்ன பொருள் என்றுதான் தெரியாது. நீங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு மாற்றலாகி வந்த புதிதில், நாவுலப் பக்கம் வாய்க்கால் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் என் கடையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினீர்கள். பின்னால் ராக்கெட் கட்டியிருந்தது. மிளகு என்ன விலை என்று கேட்டீர்கள். நான் விலை சொல்லவில்லை.

"சேர், இந்த டியூஸ்ண்டா என்னா?" என்றேன்.

நீங்கள் சிரிக்கவில்லை. மூட்டை மேல் உட்கார்ந்து, மேசையில் மிளகை வரிசையாக வைத்து மைதானம் போட்டுக் காட்டினீர்கள். அடுத்த சனிக்கிழமை உத்தியோகத்தர் கழகத்துக்கும் கூட்டிப் போனீர்கள். கடைக்காரன் ராக்கெட் பிடிப்பதை அங்கே பலர் விரும்பவில்லை. அதை நான் இன்றும் மறக்கவில்லை, மறக்கப் போவதும் இல்லை.

கொப்பியைப் புரட்டினால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சண்டை. ஆட்டத்திலேயே பலமாக அடிக்கும் முதல் அடிக்கு ஏன் சேர்விஸ், அதாவது சேவை, என்று பெயர்? யாருக்கு யார் செய்யும் சேவை? அந்தச் சேர்விஸ் பந்து வலையை உரசி விழுந்தால் 'லெட்' என்கிறார்களே, அதற்கு 'மறுபடி' போதுமா? ஒன்றும் எடுக்காதவனுக்கு ஏன் லவ்? முட்டையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல் திரிந்து வந்தது என்று சிலர் சொல்வதாகச் சொன்னீர்கள். வேறு கதையும் உண்டு என்றீர்கள். எது சரி என்று நான் விடாமல் நெருக்கினேன். எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் நீங்களும் என்னை நானா என்றே கூப்பிடுவீர்கள்.

"எனக்குத் தெரியாது நானா. தெரியாது எண்டே எழுதுவம்."

அப்படியே எழுதியிருக்கிறேன்: லவ், சைபர், காரணம் தெரியாது. பதினைந்து, முப்பதுக்குப் பிறகு நாற்பது வருவதை மட்டும் நான் ஏற்கவில்லை. என் கணக்கில் அது நாற்பத்தைந்து. மைதானத்திலும் அப்படித்தான் கூவினேன். கழகத்தில் எல்லாரும் முகம் சுளித்தார்கள். நீங்கள் மட்டும் என்னோடு ஆடும்போது நாற்பத்தைந்து என்றே திருப்பிக் கூவினீர்கள்.

நடுவர் இல்லாத ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வலைக்கு இந்தப் பக்கம் விழுந்த பந்தை இந்தப் பக்கத்து ஆள்தான் உள்ளே, வெளியே என்று சொல்ல வேண்டும். எதிராளி அதை ஏற்க வேண்டும். எனக்குப் பிடித்த விதி அது. அந்த ஒரு இடத்தில்தான் உத்தியோகத்தர்களும் என் வாயைப் பார்த்து நின்றார்கள்.

கழகப் போட்டியில் நீங்களும் நானும் எதிரெதிரே வந்தோம். கடைசி செட், டியூஸ் என்ற சமநிலை, அடுத்து உங்களுக்கு அட்வான்டேஜ்: இன்னும் ஒரு பொயின்ட் எடுத்தால் கேம் உங்களுடையது. நீங்கள் அடித்த பந்து என் பின் கோட்டருகே விழுந்தது. நான் "அவுட்" என்றேன். நீங்கள் சந்தேகத்தோடு வலை வரைக்கும் நடந்து வந்தீர்கள்.

"ஐமிச்சமெண்டால் அந்தப் பொயின்டைத் திருப்பி விளையாடுவம், நானா."

"எனக்கு ஐமிச்சம் இல்ல சேர். ஒங்களுக்குத்தான் ஈக்கிது."

"சரி. உங்கடை பக்கம். உங்கடை சொல்."

அவ்வளவுதான். ஆட்டத்தை நான் வென்றேன். ஆனால் எல்லார் முன்னாலும் என்னைப் பொய்யன் என்று சொல்லிவிட்டீர்கள் என்று நினைத்தேன். கழகத்துக்குப் போவதை நிறுத்தினேன். இரண்டு வாரத்தில் உங்களுக்கு வவுனியாவுக்கு இடமாற்றம் வந்தது. விடைபெறக் கடைக்கு வந்தீர்கள். நான் பின்முற்றத்தில் மிளகு கிளறிக்கொண்டிருந்தேன். ஆள் இல்லை என்று சொல்லச் சொன்னேன். நீங்கள் கொப்பியை மட்டும் கேட்டு வாங்கிப் போனதாக மனைவி சொன்னாள். பதினெட்டு வருடம் நான் ஒரு கடிதமும் போடவில்லை. நீங்கள் மௌத்தாகிவிட்டீர்கள், இனி இல்லை என்ற செய்தியும் கழகத்து ஆள் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது.

கொப்பியின் கடைசிப் பக்கங்கள் உங்கள் எழுத்து. நான் பார்த்திராதவை. பேஸ்லைன், டை பிரேக், ஸ்லைஸ் என்று தொடர்ந்து எழுதியிருக்கிறீர்கள். நானில்லாமலும் என்னோடு வாதாடியிருக்கிறீர்கள்: 'நானா இதை ஒப்பமாட்டார்' என்று இரண்டு இடத்தில். அதற்குக் கீழே இது:

'தன் பக்கத்தில் விழுந்த பந்தைச் சரியாகப் பார்க்காவிட்டால் அது உள்ளே விழுந்ததாகவே கொள்ள வேண்டும். பொயின்ட் எதிராளிக்கு. ஐயம் என்று திருப்பி விளையாட விதி இல்லை. அன்று நானாவிடம் நான் அப்படிக் கேட்டது பிழை. நேரில் சொல்ல வேண்டும்.'

சேர், அன்று நீங்கள் கடைக்கு வந்தது இதைச் சொல்லத்தானா? அல்லது வவுனியா போன பிறகுதான் இந்த விதியைத் தேடிப் படித்தீர்களா? மை நிறத்தை வைத்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. உங்கள் மகளிடம் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்த ஒன்றை நான் இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. அந்தப் பந்தை நான் பார்க்கவில்லை. மாலை வெயில் நேரே கண்ணில் அடித்தது. பந்து தரையில் பட்ட சத்தம் மட்டும் கேட்டது. கூட்டம் என் வாயைப் பார்த்தது, வாய் அவுட் என்றது. நான் கோபப்பட்டது நீங்கள் சந்தேகப்பட்டதற்கு அல்ல. சந்தேகம் சரியாக இருந்ததற்கு. உங்கள் விதிப்படி அந்த கேம் உங்களுடையது. பிழையை நீங்கள் உங்கள் பெயரில் எழுதிக்கொண்டு போய்விட்டீர்கள்.

இன்று பின்னேரம் கழகத்துக்குப் போனேன். முழங்கால் இரட்டையர் ஆட்டத்துக்குத்தான் இடம் தருகிறது. வங்கியில் வேலை செய்யும் பௌசர் என் ஜோடி. எண்ணிக்கையில் நாங்கள் முன்னால் இருந்தோம். எதிரே இருந்தவர் உயர்த்தி அடித்த பந்து என் பின்னால் விழுந்தது. நான் திரும்புவதற்குள் அது வேலியில் மோதிவிட்டது. நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் பாக்கல்ல," என்றேன். "பொயின்ட் அவங்களுக்கு."

பௌசருக்குக் கோபம். "என்ன நானா, அது அவுட் மாதிரித்தானே இருந்திச்சு. ஏன் விட்டுக் குடுத்தீங்க?"

"விட்டுக் குடுக்கல்ல. பாக்கல்ல."

பந்தைப் பொறுக்கி எதிர்ப்பக்கம் போட்டுவிட்டு, அவர்களுடைய எண்ணிக்கையை நானே சத்தமாகக் கூவினேன்.