படிக்கு அடியில் மூன்று முட்டை

மே 3

ஏழாம் வகுப்பில் ஒரு பெண் கேட்டாள்: "டீச்சர், கூடு கட்டத் தெரியாத பறவை எங்க முட்டை போடும்?" "அடுத்தவங்க வீட்டுல" என்று சொல்லி வகுப்பைச் சிரிக்க வைத்துவிட்டுக் குயில் பாடத்துக்குத் தாவிவிட்டேன். அவள் மட்டும் சிரிக்கவில்லை. இன்று ஏன் அந்த ஞாபகம்? ஜன்னலுக்கு வெளியே குயிலே இல்லை, கடல்தான்.

நான் ஓய்வு பெற்றதற்கு இவர் தந்த பரிசு, காருக்குப் பின்னால் கட்டி இழுக்கிற ஒரு வார வாடகைக் கேரவன். இரண்டு கட்டில், ஓர் அடுப்பு, முழங்கை இடிக்காமல் திரும்ப முடியாத குளியலறை. காரின் மூக்கு பாறையைத் தொடுகிற மாதிரி நிறுத்தியிருக்கிறார்.

"பின்னாடி எப்படிங்க எடுப்பீங்க?"

"அது போறப்ப பாத்துக்கலாம்."

பெட்ரோல் பங்கில் பின்னால் எடுக்கப் போய், காரும் கேரவனும் முறுக்கிக்கொண்டு நின்றதை இங்கே எழுதப் போவதில்லை — எழுதிவிட்டேன்.

மே 4

தெருக்களெல்லாம் கடலை நோக்கிச் சரிகின்றன. கை நழுவிய ஆரஞ்சு ஒன்று படகுத்துறை வரை உருண்டது. இவரும் கூடவே ஓடினார். ஆலாப் பறவைகள் கல்லைப் போல் நீரில் விழுந்து மீனோடு எழுந்தன. கால் வலி. சந்தோஷம்.

மே 5

காலையில் படியிறங்கினால், மணல் நிறச் சிறு பறவை ஒன்று சிறகை இழுத்துக்கொண்டு நொண்டியது. ஐயோ, ஒடிஞ்சுபோச்சே! துண்டோடு ஐம்பது அடி பின்னாலேயே போனேன். கைக்கு எட்டும் நேரத்தில் ஜிவ்வென்று பறந்துவிட்டது.

இந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் வேலியில் சாய்ந்து சிரித்தார். "அது நடிக்குதும்மா. உப்புக்கொத்தி. பக்கத்துல முட்டை இருக்கும், உங்கள தூரமா இழுத்துட்டுப் போகுது."

தேடினோம். கேரவன் வாசலில் நாங்கள் வைத்த படியின் நான்கு கால்களுக்கு நடுவே, ஒரு சிறு குழியில், கூழாங்கல் மாதிரியே மூன்று முட்டை. சுள்ளியில்லை, நாரில்லை. முப்பத்திரண்டு வருஷம் கரும்பலகையில் கூடு வரைந்த கை இது!

"நீங்க காலடி வைக்கிறப்பெல்லாம் அது எந்திரிச்சு ஓடுது. முட்டை ஆறிடுச்சுன்னா அவ்வளவுதான்."

உடனே வண்டியை நகர்த்த வேண்டும். முன்னால் பாறை, பின்னால்தான் வழி. சக்கரத் தடத்துக்கும் குழிக்கும் ஒரு சாண்தான். கோணினால் மூன்றும் போச்சு.

இவர் சாவியை என் பக்கம் நீட்டினார். "என்னால முடியாது. நசுக்கிட்டேன்னா காலம் பூரா சொல்லிக் காட்டுவ."

"கண்டிப்பா. இப்ப இங்க உக்காருங்க."

இரண்டு தீப்பெட்டிகளை ஒரு குச்சியால் கோத்து, மேஜையில் பின்னால் தள்ளிக் காட்டினேன். பத்தாம் தடவைதான் எனக்கே புரிந்தது: ஸ்டீயரிங்கை அடிப்பக்கம் பிடித்தால், கை போகும் பக்கமே கேரவனும் போகும்.

"நாப்பது வருஷமா ஓட்டுறேன், டீச்சரம்மா."

"முன்னாடி ஓட்டுனீங்க."

படியை மெல்லத் தூக்கி எடுத்தோம். நான் பின்னால் நின்று கையைக் காட்ட, முதல் முறையாக என் பேச்சைக் கேட்டு ஓட்டினார். "இடது... போதும்... அப்படியே." சக்கரம் குழியைத் தாண்டியபோது இடைவெளி நாலு விரல்.

நூறு அடி தள்ளி உட்கார்ந்து காத்திருந்தோம். நாற்பது நிமிஷம், ஒன்றுமில்லை. அப்புறம் — ஓடி, நின்று, ஓடி — வந்து உட்கார்ந்தது. இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மணல்" என்றார்.

மே 6

ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கின்றன. நாங்களும் பைனாகுலரை அப்படித்தான், சண்டையோடு.

மே 9

இரண்டு பொரிந்துவிட்டன. பஞ்சுருண்டைக்குக் குச்சிக் கால் முளைத்த மாதிரி, ஈரம் காய்ந்ததும் ஓடத் தொடங்கிவிட்டன. மூன்றாவது அப்படியே கிடக்கிறது. தாய் இன்னும் அதன்மேல்தான். நாளை காலி செய்ய வேண்டும். இவர் என்னைக் கேட்காமலே போன் செய்து இன்னும் நான்கு நாள் வாங்கிவிட்டார்.

இந்த நோட்டை யாராவது புரட்டினால் ஒரு வேலை: நாளை காலை வாசல் இறங்குமுன், நூறு எண்ணும்வரை அசையாமல் நின்று தரையைப் பாருங்கள்.