கொச்சி–சேலம் விமானமும் மாமன் வாயும்

அன்பு மருமகள் ஜெனிஷாவுக்கு, மொரப்பூர் முதல் அரபிக்கடல் வரை புகழ் பரவிய உன் தாய்மாமன் பெரியநாயகம் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அம்மாவும் சுகம், கொச்சியில் நீயும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறோம். சுகம் என்றது உடம்புக்கு மட்டும்தான் கண்ணு. என் குரல் கேட்டாலே போனை வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். உன் அம்மாவோ சோற்றைப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், குழம்பு வேண்டுமா என்றுகூடக் கேட்பதில்லை, கேட்கும்படியாகவா நடந்துகொண்டேன்.

கோயிலில் உங்கள் கல்யாண ஓலை வாசித்துச் சபைக்கு அறிவிக்குமுன் நீயும் இனிகோவும் பங்குச் சாமியார் முன்னால் உட்கார்ந்து சம்மதம் சொல்ல வேண்டும் அல்லவா, அதற்கு உன்னைக் கேட்காமலே நாள் கொடுத்தவன் நான். பொண்ணு எப்படிங்க ஒரே நாள்ல வந்து திரும்பும் என்று இனிகோவின் அப்பா கேட்டார். கொச்சியிலிருந்து சேலம் ஆகாயத்தில் இருநூற்றைம்பது கிலோமீட்டர்தாங்க, ஒரு மணி நேரம், பொண்ணு பெல்ட்டு மாட்டி முடிக்கறதுக்குள்ள காமலாபுரம் ஏர்போர்ட்டுல எறங்கிடும் என்றேன். அந்த விமானம் தினமும் பறப்பதில்லை என்பது இந்த மேதைக்குத் தெரியாது. அன்றைக்குக் காலையில் நீ போன் செய்து, மாமா இன்னிக்கி பிளைட்டே இல்லீங்க, அவங்ககிட்ட பக்குவமா சொல்லிடுங்க என்றாய். அதற்குள் அவர்கள் குடும்பமாக வந்து கோயில் ஆபீசில் உட்கார்ந்துவிட்டார்கள். சொல்ல வாய் வரவில்லை. பிளைட் கிளம்பிடுச்சு என்றேன். பிறகு பாலக்காட்டு மேகத்தை விலக்குகிறாள் என்றேன், ஈரோட்டுக்கு மேலே பைலட்டே நம்மூர் விசேஷத்தை விசாரித்தானாம் என்றேன். எல்லோரும் வாசலுக்கு வந்து நின்றபோது எங்கேயோ போகிற விமானம் ஒன்று மேலே போனது, அதோ நம்ம பொண்ணு என்று கை காட்டினேன். இனிகோவின் அம்மா அண்ணாந்து பார்த்துச் சிலுவை போட்டு, மாதாவே புள்ளைய பத்திரமா எறக்கு என்றார். அப்போதும் நான் சிரித்துக்கொண்டு நின்றேன் ஜெனிஷா.

இறங்கியாச்சா என்று இனிகோ உனக்குப் போன் போட்டதும், ஆஸ்பத்திரி வார்டில் டூட்டியில் இருக்கிறேன் என்று நீ சொன்னதும் உனக்குத் தெரியும். இஷ்டமில்லன்னா நேரா சொல்ல வேண்டியதுதான, மாமனும் மருமகளும் சேந்து ஆடற ஆட்டமா என்று சொல்லிவிட்டு அவன் அப்பா எழுந்துகொண்டார். பொய் என்னுடையது, பேர் கெட்டது உனக்கு.

நேற்று அதியமான்கோட்டைக்குப் போய் அவர்கள் வீட்டு வாசலில் அக்கம்பக்கம் கேட்க எல்லாவற்றையும் சொன்னேன். அவன் அம்மா, உங்க பேச்சுல கோவமில்லீங்கண்ணா, நான் சிலுவை போட்டனே, அப்பக்கூடவா உங்களுக்குச் சொல்லணும்னு தோணல என்றார். இனிகோ மட்டும், ஜெனிஷாகிட்டயே கேட்டுக்கறேங்க என்றான். ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி அங்கே வருகிறான். நானும் கூட வரட்டுமா என்றேன், வேண்டாங்க மாமா என்றான்.

பிடித்திருந்தால் என் மேலுள்ள கோபத்தில் அவனைத் தள்ளிவிடாதே. பிடிக்கவில்லையென்றால் என் மானத்துக்காகச் சரி என்றும் சொல்லாதே. எதுவானாலும் இனி பெண் வீட்டுப் பேச்சை உன் அம்மாதான் பேசுவாள், சாமியாரிடமும் சொல்லிவிட்டேன். மாமன் சீரை நான் எடுத்து வரலாமா கூடாதா என்று நீ சொல்கிறபடி நடக்கிறேன். மாதா உன்னைக் காப்பாளாக. அவன் ராத்திரியெல்லாம் ரயிலில் வருவான், முதலில் ஒரு வாய் சாப்பிடச் சொல்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கும் மாமன்,
பெரியநாயகம்