சார்ஜ் கம்பத்துக்குப் பாடு வைத்தது குறித்து

அனுப்புநர்
செவ்வந்தி, க/பெ (காலஞ்சென்ற) நாகப்பன்,
மேட்டுத்திட்டுக் குப்பம், தோணிரேவு அருகில்,
பழவேற்காடு வழி, பொன்னேரி வட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
திருவள்ளூர் மாவட்டம்.

பொருள்: எங்கள் மகளிர் குழுவுக்குக் கொடுத்த கரண்டு ஆட்டோவை, நாங்களே வேண்டாம் என்று சொன்னதாக எழுதித் திருப்பி எடுத்துப்போக இருப்பதைத் தடுக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். வண்டி வந்த அன்று அங்கே இருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு ஒருவரும் ‘நான் அங்கே இல்லவே இல்லை’ என்று சொல்லக் கூடாது. வண்டி கொடுத்த கம்பெனியின் அதிகாரி. ஊர்ப் பெரியவர் தருமலிங்கம். எங்கள் குழுத் தலைவி மனோரமா. அவள் புருஷன் வரதன். பெட்ரோல் லோடு ஆட்டோ ஓட்டும் ரஞ்சித். பழவேற்காட்டிலிருந்து மைக் செட்டு கொண்டுவந்த ஜான். என் மருமகள் மாலதி. ஏரியில் கையால் இறால் பிடிக்கும் எங்கள் குழுப் பெண்கள் அத்தனை பேர். அப்புறம் நான். என் ஞாபகத்தில் சந்தேகம் இருந்தால் ஊரில் விசாரிக்கலாம். அந்த ஞாபகத்துக்குப் பயந்தே என்னோடு பேச்சை நிறுத்தியவர்கள் உண்டு.

2. அன்று அதிகாரி பெட்ரோல் வண்டிக்கும் கரண்டு வண்டிக்கும் உள்ள வித்தியாசத்தை மைக்கில் விளக்கினார். அது புகை விடும், இது விடாது. அது கத்தும், இது கத்தாது. அதற்கு ஆயில் மாற்ற வேண்டும், பிளக் கறுக்கும். இதில் கெட்டுப்போக அதிகம் சாமானே இல்லை. பெட்ரோலுக்கு ஆகும் செலவில் கால்வாசி கூடக் கரண்டுக்கு ஆகாது. அவர் சொன்னதில் ஒன்று கூடப் பொய் இல்லை என்று இங்கே பதிவு செய்கிறேன். எங்கள் வண்டி இன்று புகை விடுவதில்லை. கத்துவதில்லை. ஆயில் கேட்பதில்லை. நின்ற இடத்தை விட்டு நகராத வண்டி இதையெல்லாம் எப்படிச் செய்யும்?

3. அதற்கு முன்பு ரஞ்சித்தின் பெட்ரோல் ஆட்டோவில்தான் விடியலில் பொன்னேரி மார்க்கெட்டுக்கு இறால் கொண்டுபோனோம். அந்த ஆட்டோ வருவது தள்ளியிருக்கும் சுண்ணாம்புக்குளம் ஊருக்கே கேட்கும். இருமும், உதறும், பள்ளம் கண்டால் படுத்துக்கொள்ளும். இறாலை ஏற்றிய பிறகு நாங்கள் இறங்கித் தள்ள வேண்டும். உதறுகிற உதறலில் உயிரோடு ஏறிய இறால் செத்துத்தான் இறங்கும். சரக்கில் பெட்ரோல் வாடை அடிக்கிறது என்று மூக்கைப் பிடிக்காத வியாபாரி இல்லை.

4. கரண்டு ஆட்டோவை எங்களுக்காக ஓட்டியவள் மாலதி. என் மகன் சந்தோஷ் முகத்துவாரத்தில் மூழ்கிப் போன பிறகு அவளும் என்னோடு ஏரியில் இறங்கினாள். கையெல்லாம் உப்புப் புண். சோற்றைப் பிசைந்து சாப்பிட முடியாமல் கரண்டியால் சாப்பிட்டாள். அவள்தான் ஓட்டக் கற்று, லைசென்ஸ் எடுத்து, காக்கிச் சட்டை போட்டு உட்கார்ந்தாள். முதல் நாள் ரஞ்சித் வந்து, “இன்னா பெரிம்மா, வண்டி தூங்குதா, செத்துப்போச்சா? மூச்சையே காணோம்” என்றான். “உன் வண்டி மாதிரி இருமிக்கினு கெடந்தாதான் உசுரு இருக்குன்னு அர்த்தமாடா?” என்று கேட்டேன். அன்று பொன்னேரியில் கூடையைத் திறந்தபோது இறால் துள்ளியது. என் வயசுக்கு அதைப் பொன்னேரியில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அந்தக் கொஞ்ச நாளில் மாலதியின் கை ஆறிவிட்டது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சோறு பிசையும்போது நான் பார்த்தேன்.

5. அதிகாரி வந்த கார் பெட்ரோலும் கரண்டும் கலந்தது. ஓட ஓடத் தானே சார்ஜ் ஏற்றிக்கொள்ளுமாம். கரண்டு குறைந்தால் பெட்ரோல், மெதுவாகப் போனால் கரண்டு, எதிலும் மாட்டாது, எங்கேயும் நிற்காது என்று பெருமையாகச் சொன்னார். குழுவில் கூட்டம் நடந்தால் பெண்கள் பக்கம், ஊரில் கூட்டம் நடந்தால் புருஷன் பக்கம் ஓடும் ஒருத்தியைப் பல வருஷமாகப் பார்த்து வருவதால், அந்தக் காரைப் புரிந்துகொள்ள எனக்குச் சிரமம் இருக்கவில்லை.

6. இனி குறைக்கு வருகிறேன். வண்டியோடு ஒரு சார்ஜ் கம்பமும் கொடுத்தார்கள். வலை காயவைக்கும் ஊர்ப் பொது மேட்டில் நட்டார்கள். நட்டதோடு விட்டிருக்கலாம். அதிகாரி உற்சாகத்தில் மைக்கைப் பிடித்து, “இந்தக் கம்பம் உங்கள் எல்லோருக்கும் சொந்தம்” என்று பேசிவிட்டார். வேறு ஊராக இருந்தால் கைதட்டிவிட்டுக் கலைந்திருப்பார்கள். எங்கள் ஊரில் பொதுச் சொத்து என்றால் பாடு வைக்க வேண்டும். ஏரியில் எந்த நாள் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று குலுக்கல் போட்டு முறை வைப்பதற்குப் பாடு என்று பெயர். பாடு ஆண்களுக்கு மட்டும். இடுப்பளவு தண்ணீரில், இறால் போடும் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கையால் தடவி இறால் பிடிக்கும் எங்களுக்கு ஒருபோதும் பாடு கிடையாது. வலை கட்டாத ஓரம் மட்டும் உண்டு.

7. தருமலிங்கம் உடனே எழுந்து, “ஊர் எடத்துல நட்டது ஊருக்குத்தான். பாடு போட்றலாம்” என்றார். வண்டி எங்களுடையது, முறையில் எங்கள் பெயர் எங்கே என்று கேட்டேன். “பொம்பளைக்கு இன்னா பாடு? உன் காலத்துல உண்டா, உன் மாமியா காலத்துல உண்டா?” என்றார். என் மாமியார் காலத்தில் சார்ஜ் கம்பம் உண்டா என்று கேட்டேன். அதற்குள் அவர் சீட்டு எழுதத் தாள் கேட்டுக்கொண்டிருந்தார். அதிகாரிக்குப் பாடு என்றால் என்ன என்று விளக்கினார்கள். நல்ல பாரம்பரியம் என்று சொல்லிப் படம் எடுத்துக்கொண்டார்.

8. பெண்களுக்கும் பங்கு இருக்கட்டும் என்று குலுக்கல் சீட்டை எடுக்கும் வேலையைக் குழுத் தலைவி மனோரமாவுக்குக் கொடுத்தார்கள். சொம்புக்குள் கையை விட்டாள். முதல் சீட்டிலேயே அவள் புருஷன் வரதன் பெயர் வந்தது. கலங்கல் தண்ணீரில் கண்ணால் பார்க்காமல், விரல் பட்டதும் இது இறால், இது நண்டு, இது வெறும் கிளிஞ்சல் என்று சொல்லும் கை அது. நான் குற்றம் சாட்டவில்லை. தங்கள் தகவலுக்காக எழுதுகிறேன்.

9. முதலில் ஆண்களிடம் சார்ஜ் ஏற்ற ஒன்றும் இல்லாததால், அவர்கள் முறையில் நாங்கள் செருகிக்கொண்டோம். இறால் துள்ளியது அப்போதுதான். அது ஆண்களுக்குப் பொறுக்கவில்லை. பாடு உள்ளவன் வலை கட்டாவிட்டாலும் இடம் அவனுடையது என்பது ஏரியில் சட்டம். கம்பத்துக்கும் அதுவே என்றார்கள். வரதன் ஒரு கரண்டு ஸ்கூட்டர் வாங்கினான். ஒருவர் படகு விளக்கின் பாட்டரியைக் கொண்டுவந்தார். தருமலிங்கத்திடம் வண்டியும் இல்லை, பாட்டரியும் இல்லை. அவர் முறை வந்தால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கைப்பேசியைச் செருகிவிட்டு, விடியும் வரை காவல் இருப்பார். பக்கத்தில் எங்கள் ஆட்டோ சார்ஜ் இல்லாமல் நிற்கும். எங்கள் வீட்டு லைனில் செருகிப் பார்த்தோம். தெருவே இருட்டானது. திட்டு வாங்கியதுதான் மிச்சம்.

10. மறுபடி ரஞ்சித்தின் ஆட்டோவில் ஏறினோம். மாலதி மறுபடி ஏரியில் இறங்கினாள். சென்ற வாரம் அதிகாரி வந்தபோது ஆட்டோவின் மேல் தார்ப்பாய் கிடந்தது, உள்ளே கோழி அடைகாத்தது. யாரையும் எதுவும் கேட்காமல், ‘பெண்கள் கரண்டு வண்டிக்குப் பழகவில்லை, பெட்ரோல் வண்டியையே விரும்புகிறார்கள், இந்த வண்டி வேண்டாம்’ என்று தாள் தயாரித்துக் குழுத் தலைவியிடம் கையெழுத்து வாங்கிப் போயிருக்கிறார். இந்த மாதக் கடைசியில் வண்டியை வேறு ஊருக்கு எடுத்துப்போவார்களாம். நாங்கள் பெட்ரோலை விரும்புகிறோமா என்பதை முதலில் எங்கள் இறாலிடமாவது கேட்டிருக்கலாம்.

11. ஆகவே ஐயா அவர்கள் தயவுசெய்து வண்டியை எடுத்துப்போவதை நிறுத்த உத்தரவிட வேண்டும். எங்கள் குழுவின் பெயரில் தனியாக ஒரு சார்ஜ் இணைப்பு தர வேண்டும். அதற்கு என் வீட்டுப் புறக்கடையில் இடம் தருகிறேன். அது ஊர்ப் பொது இடம் அல்ல. பட்டா என் பெயரில் இருக்கிறது. பாடு அங்கே நுழையாது. திறப்பு விழா வேண்டாம். அப்படியே வைத்தாலும், எல்லோருக்கும் சொந்தம் என்று யாரும் மைக்கில் பேசாமல் பார்த்துக்கொள்ளும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வண்டியின் சாவி மாலதியிடம் இருக்கிறது. தங்கள் உத்தரவு வரும் வரை யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கிறேன். இது தவறென்றால் என் மேல் நடவடிக்கை எடுக்கவும், அவள் மேல் வேண்டாம்.

12. யார் மேலும் எனக்குப் பகை இல்லை என்று எழுதினால் தாங்கள் நம்பலாம், ஊர் நம்பாது. அதிகாரியை விட்டுவிட்டேன், அவருக்கு ஏரி தெரியாது. தருமலிங்கத்தை விட்டுவிட்டேன், அவருக்கு ஏரியைத் தவிர வேறொன்றும் தெரியாது. வரதன் ஸ்கூட்டரில் போகட்டும், வரட்டும். ஆனால் அந்தத் தாளில் கையெழுத்துப் போடும்போது பேனா இல்லை என்று பக்கத்தில் நின்ற மாலதியிடமே கேட்டு வாங்கினாள். என்ன தாள் என்று தெரியாமல், இன்னும் கழற்ற மனசு வராத காக்கிச் சட்டையின் பையிலிருந்து எடுத்து, மூடியைத் திறந்து இவள் கொடுத்தாள். போட்டு முடித்துத் திருப்பிக் கொடுத்தபோது “நல்லா எழுதுதுடி” என்றாளாம். இந்த உயிர் இருக்கும் வரை நான் மன்னிக்காத ஒருத்தி மனோரமா.

இடம்: மேட்டுத்திட்டுக் குப்பம்
நாள்: 15.09.2025

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்
செவ்வந்தி