வேன் சாவி மறுபடியும் என் கையில்

புந்தோங், ஈப்போ
ஏப்ரல் மாதம், ஞாயிறு மாலை

என் தங்க மகள் ஷாமினிக்கு அம்மா ஆசையோடு எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, தம்பி கோகிலன், வாசலில் நிற்கும் பள்ளி வேன் எல்லோரும் சுகம். அங்கே பெர்த்தில் நீயும் சுகமாகத்தான் இருப்பாய் என்று மாரியம்மன்மேல் பாரத்தைப் போட்டிருக்கிறேன், சுகமில்லை என்றால் மறைக்காமல் எழுது. வேனையும் குடும்பத்தில் சேர்த்துவிட்டேனே என்று சிரிப்பாய். சிரி, இந்தக் கடிதமே வேனைப் பற்றியதுதான். போனில் நான் வேன் என்று வாயெடுப்பதற்குள், போதும்லா மா, வித்துட்டு ரெஸ்ட் எடுங்க என்று நீ ஆரம்பித்துவிடுகிறாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது, அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

போன ஜூலையில் நடந்ததைக் கோகிலன் உனக்குப் பாதிதான் சொன்னான். மீதியை நான் சொல்கிறேன். பள்ளி விட்டு வரும்போது நம் வீட்டுச் சந்திப்பில் சிவப்பு விளக்கு விழுந்தது, வண்டியை நிறுத்தினேன், கண்ணை மூடினேன். மூடினேன் என்றுகூடத் தெரியாது. பின்னால் லாரிக்காரன் ஹாரனை அழுத்துகிறான், பிள்ளைகள் கத்துகின்றன, எனக்கு எதுவும் கேட்கவில்லை. சாப்பாட்டுக் கடை மீரா சாஹிப்பின் மகள் இர்ஃபானா முன் சீட்டில் இருந்தவள் என் கையைப் பிடித்து உலுக்கினாள், பாப்பா ஆன்ட்டி, பச்சை விழுந்து எவ்வளவு நேரமாச்சு என்று. கால் பிரேக்கிலேயே இருந்ததால் யாருக்கும் ஒன்றுமில்லை, எல்லோரையும் வீடு சேர்த்துவிட்டு வந்து கோகிலனிடம் நானே சொன்னேன். அவன் திட்டவில்லை. "நிக்கிறப்ப தூங்குனீங்க சரி, ஓடுறப்ப தூங்கிட்டா என்ன மா செய்றது" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சாவியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டான். மறுநாளிலிருந்து என் வேன் பிள்ளைகளை வேறொரு வேன்காரர் ஏற்றிக்கொண்டு போனார், நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெற்ற பிள்ளை வெளிநாடு போன அன்றுகூட நான் அப்படி அழவில்லை, கோவித்துக்கொள்ளாதே.

தைராய்டு வந்து இரண்டு வருஷம் ஆகிறதே, அது உனக்குத் தெரியும். கழுத்துக்குள் இருக்கும் சின்னச் சுரப்பி சோம்பேறியாகிவிட்டதாம், அது சோம்பினால் உடம்பு முழுக்கச் சோம்பிவிடுமாம். எழுந்தால் அசதி, உட்கார்ந்தால் தூக்கம், ஈப்போ வெயிலிலும் குளிர், தலை வாரினால் சீப்பு நிறைய முடி. எடையோ கேட்க வேண்டாம். அரை வயிறு சாப்பிட்டாலும் ஏறியது, ராத்திரிச் சோற்றை நிறுத்தினாலும் ஏறியது. வயிறு ஸ்டியரிங்கில் இடிக்கிறது என்று டிரைவர் சீட்டைக் கடைசிப் பல் வரைக்கும் பின்னால் தள்ளினேன், எனக்குப் பின்னால் உட்காரும் பிள்ளைகள் முட்டியை மடக்க முடியாமல் ஒருக்களித்து உட்கார்ந்தார்கள். ஊர் வாய் சும்மா இருக்குமா? பத்து காஜாவிலிருந்து வந்த உன் மாரியம்மா அத்தை ஒரு கல்யாணத்தில் பந்தி நடுவே, பாப்பா என்று பேர் வைத்தவர்கள் இன்று வந்து பார்க்க வேண்டும் என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், அப்பளத்தை மட்டும் தொடவில்லை. நோய் என்று சொன்னால் யாரும் நம்பவில்லையம்மா. வாயைக் கட்டத் தெரியாதவள் நோய்மேல் பழி போடுகிறாள் என்றுதான் நினைத்தார்கள். சில நாள் எனக்கே அந்தச் சந்தேகம் வந்தது.

கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள், ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை. ஆனாலும் ஒவ்வொரு ரத்தப் பரிசோதனையிலும் கணக்கு மோசம். டாக்டர் மாத்திரையைக் கூட்டிக் கொடுப்பார், அடுத்த தடவை மறுபடி கூட்டுவார். கடைசியில், ஆன்ட்டி உண்மையாகவே மாத்திரை சாப்பிடுகிறீர்களா, குப்பையில் போடுகிறீர்களா என்றே கேட்டுவிட்டார். மார்ச் மாதம் என் லைசன்ஸ் புதுப்பிக்க வேண்டும், அதற்கு வண்டி ஓட்டத் தகுதி உண்டு என்று டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து கிடைக்காவிட்டால் வேனை விற்றுவிடுவது என்று நீயும் தம்பியும் பேசி முடிவு கட்டினீர்கள், அவன் தெலுக் இந்தானில் ஆள்கூடப் பார்த்து வைத்தான். நான் சரி என்று சொன்னேன். வேறென்ன சொல்ல? ஆனால் மனசுக்குள் முருகனிடம் பேசிவிட்டேன். சாவி மறுபடி என் கைக்கு வரவேண்டும், அதற்கு இந்தத் தைப்பூசத்துக்கு ஒரு மண்டலம் விரதமிருந்து, இந்தப் பாரமான உடம்போடேயே புந்தோங்கிலிருந்து குனோங் சீரோ மலைக்கோயில் வரைக்கும் பால்குடம் சுமந்து நடக்கிறேன் என்று.

விரதம் என்றால் நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியுமே. விடியுமுன் எழுந்து குளித்து, விளக்கேற்றி, நைவேத்தியம் வைத்துக் கும்பிட்டு முடிக்கும் வரை நாக்கில் எதுவும் படக்கூடாது, கடைப் பண்டம் அறவே கூடாது. முதல் நாளே மாத்திரை ஞாபகம் வந்தது. என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். தோட்டத்தில் நாங்கள் வளர்ந்த காலத்தில் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸர் எந்த மாத்திரை கொடுத்தாலும் வெறும் வயிற்றில் போடாதே, குடல் புண்ணாகும் என்றுதான் எல்லா லயத்து வீடுகளிலும் சொல்லுவார்கள். அது எனக்கு ரத்தத்திலேயே ஊறிப்போய்விட்டது. கிளினிக்கில் வெறும் வயிற்றில் போடச் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டுவேன். ஆனால் வெறும் வயிறு என்றால் சோறு, ரொட்டி சாப்பிடாமல் இருப்பது, குடிப்பது சாப்பாட்டில் சேராது என்பது என் கணக்கு. தேத்தண்ணியில் பால், சீனி அதிகம், எடை கூடும், சோயா தண்ணி குடிங்க மா என்று நீதானே போனில் சொன்னாய்? நீ நல்லதுக்குத்தான் சொன்னாய். அதுவரை பால் தேத்தண்ணியில் மாத்திரை போட்டவள், அன்றிலிருந்து காலையில் முக்கு சீனர் கடையில் சூடாக ஒரு பை சோயா தண்ணி கட்டி வாங்கி வருவேன், வயிற்றுக்கும் பாதுகாப்பு, எடைக்கும் நல்லது என்று அதைக் குடித்துக்கொண்டே மாத்திரையை விழுங்குவேன். விரதத்தில் அது முடியாதே. உன் அப்பாதான், மாத்திரைக்கெல்லாம் சாமி கோவிச்சுக்காது, பச்சைத் தண்ணியில் போட்டுக்கொள் என்றார். அப்படியே போட்டுக்கொண்டேன். பிறகு குளியல், பூஜை, சமையல், பசியாறும்போது வெயில் வந்துவிடும்.

முதலில் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நாள் போனபின் ஒரு மத்தியானம் துணி மடித்துவிட்டு நிமிர்ந்தால், நான் படுக்கவே இல்லை. இன்னொரு நாள் உன் அப்பா, என்ன பாப்பா, காற்றாடியை நீயே போட்டிருக்கிறாய் என்று ஆச்சரியப்பட்டார். அவருக்கு இத்தனை நாளும் என் குளிரால் வேர்வைதான் மிச்சம். முருகன் செயல் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

தைப்பூசத்தன்று பார்க்க வேண்டுமே. மாரியம்மா அத்தை முதல் நாளே வந்துவிட்டாள், நான் பாதி வழியில் உட்கார்ந்துவிடுவேன், கூட ஆள் வேண்டும் என்று. உன் அப்பா ஒருபடி மேலே போய் நீல நிற பிளாஸ்டிக் முக்காலி ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு என் பின்னாலேயே வந்தார். தலையில் குடம், சுற்றிலும் மேளமும் வேல் முழக்கமும், தார் ரோட்டில் கால் சுட்டது, முட்டி வலித்தது, பொய் சொல்லவில்லை. பெரியவர்கள் முந்திப் போனார்கள், சின்னப் பெண்கள் முந்திப் போனார்கள், போகட்டும். நான் நிற்கவில்லை. மலைக்கோயில் வாசலில் குடத்தை இறக்கி, பால் சாமிமேல் விழுவதைக் கண்ணாரப் பார்த்துவிட்டுத் திரும்பினால், உன் அப்பா அதே முக்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிறார், அத்தை அவருக்கு விசிறிக்கொண்டிருக்கிறாள். உட்காருகிறாயா என்று கேட்டார். நீங்களே உட்காருங்கள் என்றேன்.

அதற்கப்புறம் ரத்தம் கொடுத்து, முடிவு பார்க்கப் போனபோது நோன்பு மாதம் ஆரம்பித்திருந்தது. நம் டாக்டர் மலாய்க்காரப் பெண்தானே, அவரும் நோன்பு. திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். கணக்கு சரியாக வந்திருக்கிறது, சொல்லப்போனால் மாத்திரைதான் இப்போது அதிகம், என்ன செய்தீர்கள் என்று கேட்டார். விரதம் இருந்தேன் என்றேன். எப்படி என்று விடாமல் கேட்டார். எழுந்தது, பச்சைத் தண்ணி, குளியல், பூஜை என்று எல்லாம் சொன்னேன், அதற்கு முன்னால் எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டபோது சோயாவையும் சொன்னேன். அவர் நெற்றியில் கைவைத்துக்கொண்டு சிரித்துவிட்டார். சோயா அந்த மாத்திரையை உடம்பில் ஒழுங்காகச் சேர விடாதாம், பாலும் அப்படித்தானாம், இரண்டு வருஷமாக மருந்தில் பாதியை நானே வீணாக்கியிருக்கிறேன். உங்கள் சாமி சொன்னால் கேட்கிறீர்கள், நான் சொன்னால் மட்டும் கேட்கவில்லையே ஆன்ட்டி என்றார். நீங்களும் கோயிலில் உட்கார்ந்து சொல்லியிருந்தால் கேட்டிருப்பேன் என்றேன். நோன்போடு அவரை அவ்வளவு சிரிக்க வைத்தது பாவமோ என்னவோ. மாத்திரையைக் குறைத்து எழுதினார், விரதம் முடிந்தாலும் காலையில் அதே மாதிரிதான், பச்சைத் தண்ணி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் பசியாற வேண்டும், சோயா குடித்தே தீருவதென்றால் சாயங்காலம் என்று கட்டளை. சரி என்றேன். இந்தத் தடவை வெறும் தலையாட்டல் இல்லை.

எடை என்ன ஆயிற்று என்று கேட்பாய். கொஞ்சம் இறங்கியிருக்கிறது, நிறைய இல்லை. தைராய்டு ஏற்றியது சில கிலோதான் என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார், அப்படியென்றால் மீதி என் சொந்தச் சம்பாத்தியம். அதை மெதுவாகத்தான் செலவழிக்க முடியும். சாயங்காலம் அப்பாவோடு திடலைச் சுற்றி நடக்கிறேன். அத்தை இன்னும் ஏதாவது சொல்வாள், சொல்லட்டும், இப்போது அப்பளம் நிறுத்துவதாக இல்லை. நான் கேட்டது மெலிந்த உடம்பு இல்லையம்மா, விழித்திருக்கும் கண்.

மார்ச்சில் கையெழுத்தும் கிடைத்தது, லைசன்ஸும் கைக்கு வந்தது. கோகிலன் சாவியைத் துடைத்துச் சாமி படத்தின் முன்னால் வைத்து, குங்குமம் தொட்டு என் கையில் கொடுத்தான். "ஓட்டுங்க மா. ஒரு வாரத்துக்கு நான் மோட்டார்ல பின்னாலயே வாரேன், ஏசக் கூடாது" என்றான். ஏன் ஏசப் போகிறேன்? பெருநாள் லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று போனேன். சக்கீனா வாசலில் காத்திருந்தாள், மீரா சாஹிப்பின் மனைவிதான். இந்த எட்டு மாதமும் மகளை வேறு வேனில் ஏற்றாமல் தானே மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விட்டிருக்கிறாள், மழையில்கூட. "ஒங்க வேன் வரும்னு தெரியும்க்கா" என்றாள். நான் ஹாரனை அடித்துச் சமாளித்தேன். திரும்பும்போது அதே சந்திப்பு, அதே சிவப்பு விளக்கு. பிள்ளைகள் எல்லாம் முன்னால் சாய்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள், பச்சை விழுந்ததும் கத்துவதற்கு. பச்சை விழுந்தது, அவர்கள் வாயைத் திறக்குமுன் வண்டி சந்திப்பைத் தாண்டிவிட்டது. பின்னால் கோகிலன் மோட்டாரில் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தான், கல்யாண ஊர்வலம் மாதிரி.

இப்போது உன் விஷயம். கொஞ்ச மாதமாக வீடியோவில் முகம் காட்டுவதில்லை, லைன் சரியில்லை என்கிறாய். பெர்த்தில் லைன் இல்லாமலா போகும்? போன தடவை தெரியாமல் கேமரா திறந்தபோது பார்த்தேன், முகம் ஊதியிருக்கிறது. எப்போதும் தூக்கமாக வருகிறது, முடி கொட்டுகிறது என்று வேறு சொன்னாய். ஜிம்முக்குப் பணம் கட்டிப் பட்டினி கிடந்து உன்னையே திட்டிக்கொள்ளாதே, முதலில் ரத்தத்தைக் கொடுத்துப் பார். இது தாயிடமிருந்து மகளுக்கும் வருமாம், டாக்டரே சொன்னார். இல்லை என்று வந்தால் சந்தோஷம், இருக்கிறது என்று வந்தால் பயப்பட ஒன்றுமில்லை, வழி நான் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். எந்த உடம்போடு இருந்தாலும் நீ என் பிள்ளை, கேமராவை மூடாதே.

ஜூன் பள்ளி விடுமுறைக்கு வருகிறேன் என்றாயே, டிக்கெட் எடுத்துவிடு. விமான நிலையத்திலிருந்து பஸ் வேண்டாம், டாக்ஸி வேண்டாம், கோகிலனும் வேண்டாம். கோலாலம்பூர் வரைக்கும் நெடுஞ்சாலையில் நானே ஓட்டி வருவேன். முருகன் அருளால் நோய் நொடியில்லாமல் நீண்ட ஆயுசோடு இரு, வேளைக்குச் சாப்பிடு, அப்பாவும் தம்பியும் ஆசி சொல்லச் சொன்னார்கள், தம்பி ஆசி சொல்ல முடியாதாம், அதனால் சாக்லேட் கேட்கிறான். மறந்துவிடாதே, ரத்தப் பரிசோதனை முதலில், டிக்கெட் இரண்டாவது. இன்னொன்று, நேற்று டிரைவர் சீட்டை ஒரு பல் முன்னால் தள்ளிவிட்டேன். எனக்குப் பின்னால் இப்போது முட்டியை நீட்டி உட்கார இடம் இருக்கிறது, வந்து உட்கார்.

என்றும் உன் நினைவாக வண்டி ஓட்டும்,
அம்மா
பாப்பா ஜெயபாலன்