வேர்வைக்குத் தந்த மாத்திரை

1948

அக்டோபர் 4, திங்கள்

காற்றே இல்லை. உடம்பெல்லாம் உப்புப் பிசுபிசுப்பு. காலையில் துவைத்தது: தலையணை உறை இரண்டு, சேலை ஒன்று, ஜம்பர் ஒன்று. எல்லாம் ராத்திரி வேர்வையில் நனைந்தவை. கொடியில் போட்டுவிட்டு மிஷன் ஆஸ்பத்திரிக்கு.

வெள்ளைக்கார டாக்டரம்மா. தமிழ் உடைத்து உடைத்துப் பேசுகிறார். வயது கேட்டார், நாற்பத்தாறு. மாதம் கடைசியாக எப்போது, வைகாசியில். தூக்கம் எத்தனை மணி, இரண்டு. எத்தனை நாளாய், இரண்டு வருஷமாய். ஏன் என்று கேட்டார். என் மகன் சேவியர் போன தோணி கொழும்பிலிருந்து திரும்பி வரவில்லை என்றேன். ஏழு பேர் போனது. இரண்டு உடம்பு மணப்பாட்டுக் கரையில் ஒதுங்கியது. அவன் இல்லை. பத்தொன்பது வயது.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். பிறகு நர்சம்மாவிடம் இங்கிலீஷில் நிறையச் சொன்னார். நர்சம்மா சாயர்புரத்துக்காரி, புரோட்டஸ்டாண்டு சபை, நம்ம கோயில் இல்லை. அவள் எனக்குச் சொன்னது:

“துக்கம் ஒரு பக்கம் இருக்கட்டும், அக்கா. இது வயசு செய்யுத வேலை. உள்ள ஊறுத ஒண்ணு வத்திப் போவுது. அதான் திடீர்னு காந்துது, தூக்கத்தக் கெடுக்குது. சும்மா சும்மா அழவும் வைக்கும்.”

மாத்திரை தந்தார்கள். சின்னது, வெள்ளை. உடம்பில் ஊறுகிறதையே மாத்திரையாகச் செய்திருக்கிறார்களாம். ஆர்மோன் என்று பேர். தினம் ஒன்று, சாப்பிட்ட பிறகு. ஒரு மாதம் கழித்து வரவேண்டும். தினமும் எழுதி வைக்கவேண்டும், அதைக் காட்டவேண்டும். எழுதத் தெரியுமா என்றாள். கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை என்றேன். அப்போ தாராளம் என்றாள்.

அவளுக்குக் காட்டத் தனித் தாள். இந்த நோட்டு எனக்கு. சேவியருடைய கணக்கு நோட்டு, பின்பக்கம் முழுதும் வெறுமையாய்க் கிடந்தது.

தூ. தூக்கம். வே. வேர்வை. மா. மாத்திரை.

சும்மா சும்மா அழவும் வைக்கும். வரும் வழியெல்லாம் அதே நினைப்பு. நான் சும்மாவா அழுதேன்.

அக்டோபர் 6, புதன்

தூ. 2. வே. 5 தடவை. மா. 1.

மாத்திரை குமட்டுகிறது. சேவியரைச் சுமந்த மூன்றாம் மாதம் போல. கருவாட்டு வாசனை ஆகவில்லை. வீட்டுக்காரருக்குச் சோறு வைத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். தோணியைக் கரையில் ஏற்றிப் பலகை மாற்றுகிறார்கள், அதனால் வீட்டில்தான் இருக்கிறார். தோணியை நடத்துகிற தண்டலுக்குக் கரையில் என்ன பொழுது போகும். என்ன மாத்திரை என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை.

அக்டோபர் 11, திங்கள்

தூ. 5. வே. 1. மா. 1.

ஐந்து மணி நேரம். பூசை மணி கேட்டுத்தான் முழிப்பு. எழுந்து உட்கார்ந்து தலையணையைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்து கிடந்தது. தலை லேசாக இருந்தது. பல் தேய்க்கும்போது எதையோ முணுமுணுத்திருக்கிறேன், பாட்டு. உடனே வாயை மூடிக்கொண்டேன்.

கோயிலில் வழக்கம்போல் பெண்கள் தள்ளி இடம் விட்டார்கள். பின்னால் ஒருத்தி இன்னொருத்தியிடம், சேவியர் அம்மா, ரெண்டு வருஷமா கண்ண மூடல பாவம் என்றாள். திரும்பிப் பார்க்க முடியவில்லை. நேற்று ஐந்து மணி நேரம் தூங்கினவளுக்கு அந்த இடம் எதற்கு.

அக்டோபர் 14, வியாழன்

தூ. 6. வே. இல்லை. மா. 1.

முதல் மழை, சும்மா தூறல். நாத்தனார் பிலோமினா மதினி வந்தாள். முறுக்கு கொண்டுவந்தாள். முகத்தைப் பார்த்ததுமே சொல்லிவிட்டாள்.

“ஏளா ரெஜினா, மொகம் தெளிஞ்சிருக்கே. ஒரு வழியா மனச ஆத்திக்கிட்டியா?”

நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். அவள் போன பிறகு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். ஞாயிறு அழுதேன். திங்கள், செவ்வாய், புதன் அழவில்லை. இன்றும் இல்லை. நான் கவனிக்கவே இல்லை.

இரண்டு வருஷத்தில் ஒரு நாள் விட்டதில்லை.

அப்படியென்றால் நர்சம்மா சொன்னது சரியா. வேர்வை நின்றது, அழுகையும் நின்றது. அத்தனை அழுகையும் வயது அழ வைத்ததா. என் பிள்ளைக்கென்று நான் அழுதது எவ்வளவு, ஒன்றும் இல்லையா.

இன்றுமுதல் அ. என்று ஒன்று சேர்த்து எழுதுகிறேன். அழுகை. நர்சம்மா தாளில் வேண்டாம், இதில் மட்டும்.

அ. இல்லை.

அக்டோபர் 15, வெள்ளி

தூ. 6. வே. இல்லை. மா. எடுக்கவில்லை. அ. இல்லை.

வெள்ளிக்கிழமை ஒருசந்தி. வழக்கம்போல் மீன் இல்லை, ஒரு வேளைச் சாப்பாடு. மாத்திரையையும் விட்டேன். சுகம் தருகிறது எதுவோ அதை விடுவதுதானே ஒருசந்தி. மீனை விடுவதில் எனக்கு என்ன கஷ்டம், மீன் ருசியே இரண்டு வருஷமாய்த் தெரியவில்லை. இந்த மாத்திரைதான் எனக்குச் சுகம். செத்தவர்கள் பாவக்கடன் தீர்க்கிற உத்தரிக்கிற ஸ்தலத்தில் அவன் கிடந்தால் இது அவனுக்குப் போய்ச் சேரட்டும். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யாமல், சாகிற நேரத்து அவஸ்தைப்பூசுதல் இல்லாமல் போன பிள்ளை.

அக்டோபர் 19, செவ்வாய்

தூ. 6. வே. 1. மா. 1. அ. கொஞ்சம், வெங்காயம் உரிக்கும்போது. அது கணக்கில் வருமா தெரியவில்லை.

வீட்டுக்காரர் கரையிலிருந்து தார் வாசனையோடு வந்தார். இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். தோணிப் பலகை இடுக்கில் பஞ்சு அடைத்து முடியப் போகிறதாம். சரக்குக் கிடைத்ததும் புறப்பாடு. தோணிப் பேச்சு எடுத்தால் இருவருமே சட்டென்று வேறு பேச்சுக்குப் போய்விடுவோம். இன்று வேறு பேச்சு: கொடிக்கயிறு இற்றுவிட்டது, மாற்றவேண்டும்.

அக்டோபர் 22, வெள்ளி

மா. விட்டேன், ஒருசந்தி. தூ. 5. வே. 1. அ. இல்லை.

வாரத்தில் ஒரு நாள் விடுவது போதவில்லை. ஒரு நாள் விட்டால் உடம்புக்குத் தெரியவே மாட்டேன் என்கிறது. ஆத்துமாக்கள் திருநாள் நவம்பர் 2. அதற்கு முன்னால் ஒன்பது நாள் நவநாள். ஒன்பது நாளும் விடப்போகிறேன். மெழுகுதிரி வைக்க அவனுக்கு ஒரு கல்லறை இல்லை. என் தூக்கமாவது இருக்கட்டும்.

அக்டோபர் 24, ஞாயிறு

நவநாள் முதல் நாள். மா. இல்லை. புட்டியைத் துணியில் முடிந்து அரிசிப் பானைக்குள். தூ. 6. வே. இல்லை.

அக்டோபர் 27, புதன்

தூ. 3. வே. 4. அ. உண்டு.

வந்துவிட்டது. மத்தியானம் குசினியில் நிற்கும்போது நெஞ்சிலிருந்து கழுத்துக்கு, கழுத்திலிருந்து காதுக்கு, அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரி. வேர்த்துக் கொட்டியது. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். அழுகை வந்ததில் ஒரு சந்தோஷம். பிறகுதான் நினைப்பு வந்தது. அழுதபோது அவன் முகம் எனக்குத் தோன்றவே இல்லை. சும்மா அழுதேன்.

அக்டோபர் 29, வெள்ளி

தூ. 2. வே. 6. அ. எண்ணவில்லை.

காலையில் இரத்தம். ஐந்து மாதம் கழித்து. நிறைய. பயந்துபோய் பிலோமினா மதினிக்கு ஆள் அனுப்பினேன். அவள் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். “இன்னும் உனக்கு வயசு இருக்குளா. மாதா கண்ணத் தொறந்துட்டா. ஒண்ணு பெத்துப்போடு, எந் தம்பி தெளிஞ்சிருவான்.” ஒரு நிமிஷம், பொய் சொல்லக் கூடாது, ஒரு நிமிஷம் நானும் நம்பினேன்.

துணி நாலு தடவை மாற்றினேன். தலை சுற்றுகிறது.

நவம்பர் 1, திங்கள்

மழை. குடை கிழிசல். சகல அர்ச்சியசிஷ்டவர்கள் திருநாள் பூசைக்குப் பிறகு நேரே ஆஸ்பத்திரி. இரத்தம் இன்னும் நிற்கவில்லை.

டாக்டரம்மா உள்ளே சோதித்தார். கட்டி, புண் ஒன்றும் இல்லை. தாளைப் பார்த்தார். ஒன்பது நாளாய் மா. என்ற இடத்தில் ஒன்றுமே இல்லையே, தீர்ந்துவிட்டதா என்று கேட்டார். இல்லை, ஒருசந்தி என்றேன். அவருக்குப் புரியவில்லை. நர்சம்மா எடுத்துச் சொல்லும்போதே சிரித்துவிட்டாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. திரும்ப ஒரு தடவை கேட்டுக்கொண்டார், யாருக்காக என்று. மகனுக்காக.

மாத்திரையைத் தின்றுவந்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினதால்தான் இரத்தமாம். பிள்ளை உண்டாகும் அறிகுறி இல்லை. அதைக் கேட்டது நான்தான். கேட்கும்போது தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

“சோத்த விடுங்க, மீன விடுங்க. மாத்திரைய மட்டும் இஷ்டத்துக்கு விடாதீங்க, அக்கா.”

டாக்டரம்மா கை கழுவப் போனபோது நர்சம்மாவிடம் கேட்டேன். இதைத் தின்றால் அழுகை நின்றுபோகிறதே, அது எப்படி. அவள் இந்தத் தடவை சிரிக்கவில்லை. என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“இது வேர்வைக்குத் தந்த மாத்திரை. பெத்தவ அழுகைக்கு எங்ககிட்ட மாத்திரை கெடையாது. இருந்தா எங்கம்மைக்கு மொதல்ல குடுத்திருப்பேன்.”

ஆனால் நம்பிக்கை வரவில்லை. நாலு நாள் அழாமல் இருந்தவள் நான்தானே.

நவம்பர் 2, செவ்வாய்

தூ. 1. வே. 5. மா. இல்லை. நவநாள் நேற்றோடு முடிந்தது, ஆனாலும் புட்டியை எடுக்கக் கை போகவில்லை.

கல்லறைத் தோட்டம். சேறு. எல்லாரும் அவரவர் கல்லறையில் பூ, திரி. கல்லறை இல்லாதவர்கள் நடுவில் இருக்கும் பெரிய சிலுவையடியில். அங்கே எங்களைப் போல நிறையப் பேர், எல்லாம் கடலுக்குக் கொடுத்தவர்கள். திரி மூன்று தடவை அணைந்தது, வீட்டுக்காரர் என் சேலைத் தலைப்பை வாங்கி மறைத்துப் பிடித்துக்கொண்டார்.

அழுதேன். கூடவே காந்தல், வேர்வை, மழைத் தண்ணீர், எல்லாம் ஒன்றாய் வழிந்தது. எது எது என்று எனக்கே தெரியவில்லை.

திரும்பி வரும்போது கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். தூக்கமில்லாத கால். அவர் தூக்கிவிட்டார். நடந்துகொண்டே, என்னைப் பார்க்காமல், சொன்னார்.

“அந்த மாத்திரைய எதுக்குளா நிறுத்துன?”

எப்படித் தெரியும் என்றேன்.

“நீ தூங்குன அன்னைக்குத்தாம் நானும் தூங்குனேன். ரெண்டு வருஷமா நீ எழும்புததெல்லாம் எனக்குத் தெரியும். கண்ண மூடிக்கிட்டுக் கெடப்பேன். நான் முழிச்சிருக்கது தெரிஞ்சா நீ எங்கிட்ட அவனப் பத்திப் பேசிருவியோன்னு பயம்.”

வாசலில் கால் கழுவும்போது அவர் சொன்னார், அடுத்த வாரம் தோணி இறக்குகிறோம், தூக்கமில்லாதவன் சுக்கான் பிடிக்கக் கூடாது. அவ்வளவுதான்.

இரண்டு வருஷமாய் அழுதது நான் ஒருத்தி மட்டும் என்று நினைத்திருந்தேன்.

சாப்பிட்ட பிறகு, மா. 1.

நவம்பர் 6, சனி

தூ. 4. வே. 2. மா. 1. அ. இல்லை.

இரத்தம் நின்றது. குமட்டல் இல்லை. வீட்டுக்காரர் பகலிலும் ஒரு தூக்கம், குறட்டை. கொடிக்கயிறு புதுசு கட்டினார். அ. இல்லை என்று எழுதவே பயமாக இருக்கிறது. நாலு நாளாகிறது.

நவம்பர் 9, செவ்வாய்

தூ. 6. வே. இல்லை. மா. 1. அ. இல்லை.

தோணி தண்ணீரில் இறங்கியது. நான் போகவில்லை.

நவம்பர் 11, வியாழன்

தூ. 7. வே. இல்லை. மா. 1.

வானம் வெளுத்திருக்கிறது, வாடைக்காற்று, குளிர்ச்சி. நன்றாகப் பசித்தது. மீன்காரி தெருவில் சாளை கூவினாள். நானே கூப்பிட்டேன். புது மீன், கண் பளபள என்று. வாங்கிக் குசினியில் போட்டு ஆயத் தொடங்கினேன். அவனுக்குச் சாளை பொரித்தால் முள்ளை எடுக்கமாட்டான், அப்படியே கடித்துத் தின்பான். முள் குத்தும்லே என்று நான் கத்துவேன். வாய் நிறைய வைத்துக்கொண்டு, குத்தாதும்மா, எனக்கு வழி தெரியும் என்பான். முகம் முழுவதும் தெரிந்தது. இடது புருவத்துத் தழும்புகூட. தூக்கமில்லாத கண்ணில் இத்தனை நாள் அது கலங்கியே தெரிந்தது.

மீனைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். சத்தமாக. வீட்டுக்காரர் வந்து நின்றார். அவன் முள்ளோடு தின்பதைச் சொன்னேன். அவர் போகவில்லை. தரையில் உட்கார்ந்தார். முன்னே இவரோடு போனபோது கொழும்புக் கரையில் ஒரு தடவை அப்படித் தின்று தொண்டையில் மாட்டி, அம்மைகிட்டச் சொல்லிராதீங்க என்று கெஞ்சினானாம். எனக்குத் தெரியாத கதை.

கழுத்தைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது, குளிர்ந்திருந்தது. ஒரு பொட்டு வேர்வை இல்லை. இது வயது அழ வைத்தது இல்லை. இது அவனுக்கு.

அ. உண்டு.

மீன் பாதி ஆய்ந்தபடி கிடக்கிறது, பூனை வந்துவிடும்.