குளிரின் கூட்டுத்தொகை

ஹம்
10.02.1985

அன்பு மகள் பேர்பெச்சுவாவுக்கு,

உன்னையும் மருமகன் யோசப்பையும் ஆண்டவர் ஒரு குறையும் வராமல் வைத்திருக்கட்டும். இங்கே அம்மாவும் நானும் உடம்புக்குச் சுகம். மனதுக்கு நான் சுகமில்லை, காரணம் நேற்று வந்த உன் கடிதம். அன்ரனிற்றாவிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். மொன்றியாலில் இருக்கும் அவளுடைய தங்கை சொன்ன கதையை வைத்துத் தகப்பனுக்குத் தீர்ப்பு எழுதிவிட்டாய். அதே கடிதத்தின் கடைசியில், யோசப் தெருவால் சுற்றிப் போகாமல் உறைந்த ஏரிக்கு மேலால் நடந்து வேலைக்குப் போகிறார் என்பதை ஏதோ கெட்டித்தனம் போல எழுதியிருக்கிறாய். எனக்கு இரவு சாப்பாடு இறங்கவில்லை.

நடந்ததை என்னிடம் கேள். போன மாதம் ஆறாம் திகதி, மூவிராசாக்கள் திருநாளன்று, எங்கள் அகதி விடுதியிலிருந்து எல்லோரும் பூசைக்குப் புறப்பட்டோம். பூசை முடியப் பகிரவென்று பொங்கிய புக்கைக் கிடாரத்தை இரண்டு பேர் தடியில் கொழுவித் தூக்கி வந்தார்கள். பாலத்தால் போனால் நெடுந்தூரம், உறைந்து கிடந்த குளத்துக்குக் குறுக்கே போனால் கோவில் வாசல். செபக்கூட்டத் தலைவி அன்ரனிற்றா கையுறையைக் கழற்றிக் காட்டி, "இராயப்பு அண்ணை, விரல் மடக்க ஏலாமல் விறைக்குது, குளம் மட்டும் விறைக்காமலோ கிடக்கும்" என்றாள். எங்கள் ஆட்களின் பிழை இதுதான். வெயிலில் பிறந்து வளர்ந்தவர்கள் தங்கள் தோலை வைத்துக் குளத்தை அளக்கிறார்கள். ஒரு நாள் கடுங்குளிர் மனிதனைத்தான் நடுங்க வைக்கும். குளத்துக்கு அது போதாது.

இதை எனக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை, நூலகத்துப் புத்தகத்தை அகராதியோடு இருந்து படித்தேன். ஜெர்மன்காரர் இதைக் கெல்ற்றசும்மை என்கிறார்கள், குளிரின் கூட்டுத்தொகை. ஒரு நாளின் சராசரி வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே எத்தனை பாகை என்று பார்த்து, அடுத்த நாளினதை அதோடு கூட்டி, அப்படியே கூட்டிக்கொண்டு போக வேண்டும். பூச்சியத்துக்கு மேலே போன நாளைக் கழிக்க வேண்டும். அந்தத் தொகைதான் பனிக்கட்டியின் தடிப்பைச் சொல்லும். அதுவும் நேராகச் சொல்லாது, தடிப்பு இரண்டு மடங்காக வேண்டுமென்றால் குளிர் நாலு மடங்கு சேர வேண்டும், ஏனென்றால் மேலே உறைந்த கட்டியே கீழே உள்ள தண்ணீருக்குப் போர்வையாகிவிடுகிறது. அன்றைக்குக் குளிர் தொடங்கியே சில நாள்தான். கூட்டினால் நாலு விரல் தடிப்பும் தேறாது. சொன்னேன், சிரித்தார்கள். "அண்ணை இனி ஆண்டவருக்கும் கணக்குப் படிப்பிப்பார்" என்று கிடாரம் தூக்கியவன் சொன்னான். நான் குளத்தில் இறங்கும் வழியை மறித்துக் கரையில் பனிக்குள் குந்தி இருந்துவிட்டேன், என்னை மிதித்துக்கொண்டு போங்கள் என்றேன். பாலத்தால் சுற்றிப் போனார்கள், போய்ச் சேர முதலே பூசை முடிந்துவிட்டது, அன்ரனிற்றா கோவில் வாசலில் நின்று அழுதாள். இரண்டு கிழமைக்குப் பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதே குளத்தில் சறுக்கி விளையாடியபோது என்னைக் கூப்பிட்டு, "போய்த் தடுங்கோவன் அண்ணை" என்றாள். அந்த இரண்டு கிழமையும் குளிர் நாள்தோறும் சேர்ந்துகொண்டே இருந்தது என்பதைக் கேட்க அங்கே ஒருவருக்கும் காது இல்லை. கட்டி உடையாததால் நான் பைத்தியக்காரன். உடைந்திருந்தால் என்னைக் கெட்டிக்காரன் என்று சொல்ல யார் மிஞ்சியிருப்பார்கள்?

உன் ஊரில் தொகை பெரிது என்று எனக்கும் தெரியும். இன்றைக்கு அந்த ஏரி லொறியையும் தாங்கலாம். ஆனால் வருவது மார்ச். கழிக்கும் நாட்கள் தொடங்கும், கட்டி உள்ளுக்குள் உளுத்துப்போகும், தடிப்பைப் பார்த்தாலும் பிறகு நம்ப முடியாது. யோசப்புக்கோ காலையில் காது விறைக்கும், நேற்றும் தாங்கியதே என்று இறங்குவார். அன்ரனிற்றாவின் அதே புத்தி. அவரை மறிக்க அந்தக் கரையில் நான் இல்லை.

ஆகவே ஒன்று சொல்கிறேன். இன்றையிலிருந்து தெருவால்தான் போகிறேன் என்று மருமகன் ஒரு வரி எழுதட்டும். அது கிடைத்த அன்றே அன்ரனிற்றாவின் கதவைத் தட்டி, அம்மாவுக்கு முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன். நான் செய்தது சரிதான், அதில் மாற்றமில்லை. இருந்தும் கேட்கிறேன்.

மாதா உங்கள் இருவரையும் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும். அந்த வரியை யோசப் தன் கையால் எழுத வேண்டும், அவருக்காக நீ எழுதினால் எழுத்தைப் பார்த்தே கண்டுபிடிப்பேன்.

மனம் மாறாத உன் அப்பா,
ம. இராயப்பு